ஷாப்டு பூட்டிய படலம்

எங்கள் ஊராகிய சங்கரன்கோவிலில், கோமதி அம்பாள் சந்நிதிக்கு முன்னால் ஒரு சக்கரம் இருக்கிறது. சித்தம் கலங்கியவர்களை அதில் உட்கார்த்தி வைத்தால் தெளிவு உண்டாகும் என்பது பரம்பரையான நம்பிக்கை. சென்ற வருஷம் அண்டை வீட்டு அம்மாள் என் மனைவியிடம், "ஒரு வெள்ளிக்கிழமை சாரை அங்கே கூட்டிக்கொண்டு போயேன்" என்று மெல்ல யோசனை கூறினாளாம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நான் அப்போது வீட்டுப் புழக்கடையில் ஒரு மோட்டார் கார் செய்துகொண்டிருந்தேன்.

நேயர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். கார் வாங்கவில்லை, பழுது பார்க்கவில்லை, செய்துகொண்டிருந்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு. உத்தியோகம், மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் போதிப்பது. இருபது வருஷமாகக் கரும்பலகையில் சக்கரங்களைச் சுழற்றியிருக்கிறேனே தவிர, என் கையால் ஒரு திருகாணியை நேராக முடுக்கியவன் அல்ல.

இந்த விபரீதத்துக்கு விதை விழுந்த இடம் கோயம்புத்தூர். அங்கே ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரால் 2015-ஆம் வருஷம் திறக்கப்பட்ட கார்க் காட்சிசாலைக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த அந்த மனிதர், வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அதை வாங்கினார். வாங்கியதும் சவாரி போகவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸுடன் தொழில் தொடங்கியவர், 1952-இல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் இருவர் கார் ஒன்றையும் உருவாக்கினார்; சர்க்கார் அனுமதி கிடைக்காமல் அது நின்றுபோயிற்று. இவற்றையெல்லாம் நான் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, எட்டாவது படிக்கும் என் மகள், "அப்பா, நீங்கள் ஒன்றைக் கழற்றிப் பூட்டுங்களேன்!" என்றாள். குழந்தை விளையாட்டாகச் சொன்னதை நான் சபதமாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

இங்கிலாந்து தேசத்தில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன் என்னும் காரைப் பெட்டி பெட்டியாக உதிரி உறுப்புகளாய் வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொண்டார்கள். அப்படி வாங்கினால் அந்நாளைய விற்பனை வரி கிடையாது என்பது அதில் உள்ள சூட்சுமம். நமக்குப் பெட்டி அனுப்புவார் யார்? காயலான் கடையில் கிடந்த ஓர் அம்பாஸடர்தான் என் பெட்டி. 1957 முதல் 2014 வரை வங்காளத்து உத்தரப்பாராவில் உற்பத்தியான அந்த வண்டி, கற்றுக்குட்டிக்கு ஏற்றது. என்ஜின் முன்னால், ஓட்டுகிற சக்கரம் பின்னால், நடுவில் நீண்ட இரும்புக் குழாயாக ஒரு ஷாப்டு. யாவும் கண்ணுக்கு முன்னால் வெளிப்படையாக இருக்கின்றன. என்ஜின், கியர்பாக்ஸ், ஷாப்டு, பின் அச்சு எல்லாம் சேர்ந்து என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் முடிந்தன. சதுரக் குழாய்களால் சட்டம் கட்டி, இரண்டு பேர் உட்காரும் குட்டை வண்டியாக அமைத்தேன். அந்தக் கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை.

விசேஷம் ஷாப்டில் வந்தது. வண்டி குட்டையாகிவிட்டதால் ஷாப்டு ஒரு சாண் நீளம் மிஞ்சியது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்து, நடுவே அறுத்து, மிஞ்சியதை எடுத்துவிட்டு வெல்டிங் செய்து வாங்கிவந்தேன். என்ஜினையும் பின் அச்சையும் உறவினர் ஒருவருடைய மானாவாரி நிலத்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டி, நிலத்தை ஒட்டிய வண்டித் தடத்தில் ஓட்டினேன். பக்கத்தில் என் மகள். ஆஹா, ஓடிற்று! மாட்டு வண்டி வேகத்தில் தேர்போல் போயிற்று. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும், நெல் மில்லுக்குள் அகப்பட்டுக்கொண்டதுபோல் வண்டி முழுதும் உதறத் தொடங்கிவிட்டது. மகள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் ஊரில் விசைத்தறிகள் அதிகம். தறி ஓடுகிற சத்தத்தைத் தெருவில் நின்று கேட்டே பழுது இன்னதென்று சொல்லும் ஒரு பெரியவர் இருக்கிறார்; தறி பிட்டராக ஐம்பது வருஷம் உழைத்துவிட்டு, இப்போது ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, வண்டி உதறுகிறது. என்ஜின் பழசு, அதனால் இருக்குமோ?"

"என்ஜின் மேல பழியப் போடாதீங்க, சார்வாள். ஷாப்டைக் கழட்டிக் கொண்டாங்க."

கொண்டுபோனேன். குழாயின் இரண்டு முனைகளிலும் கவட்டைபோல் இரண்டிரண்டு காதுகள் உண்டு. அவற்றின் நடுவே சிலுவை வடிவமாக ஓர் இரும்பு உட்கார்ந்திருக்கும். மெக்கானிக்குகள் அதைக் 'கிராஸ்' என்பார்கள். இதனால்தான் வளைந்த நிலையிலும் ஷாப்டு சுழல முடிகிறது. அண்ணாச்சி ஷாப்டை இரண்டு கட்டைகளின்மேல் கிடத்தி, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஒரு முனையின் காதுகள்மேல் வைத்து மட்டம் பார்த்தார். பிறகு அதே ரசமட்டத்தை மறு முனையில் வைத்தார். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒளிந்துகொண்டது.

"அறுக்கிறதுக்கு முன்னால நீளவாக்குல ஒரு கோடு கிழிச்சீங்களா?"

நான் கிழிக்கவில்லை. அறுபட்ட குழாய் வெல்டிங்கின்போது சிறிது திரும்பி, இரண்டு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் நில்லாமல் போய்விட்டன. அது பெரிய குற்றமா என்று கேட்டேன்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். வளைந்து நிற்கும் ஒற்றை ஜாயிண்டு தன் சுழற்சியை உள்ளபடி கொடுக்காது. முன்பக்கம் நிமிஷத்துக்கு 1,000 சுற்று ஒரே சீராகச் சுற்றினாலும், ஜாயிண்டு 20 டிகிரி வளைந்திருந்தால் அதற்குப் பின்னால் உள்ள தண்டு 940-க்கும் 1,064-க்கும் இடையே ஊசலாடும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும். இரண்டு முறை பிந்தும். 8 டிகிரிக்கு இது 990-க்கும் 1,010-க்கும் இடையில் அடங்கும். ஆனால் வினாடிக்குப் பதினெட்டுச் சுற்று வீதம் சுழலும்போது அதுவே போதும், எலும்பை உலுக்க. பின் முனையில் இரண்டாவது ஜாயிண்டு வைத்திருப்பதே முதல் ஜாயிண்டு செய்த கோளாறைத் திருப்பிக் கழிப்பதற்குத்தான். அதற்குக் காதுகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும்.

இந்த ஜாயிண்டை ஆராய்ந்து எழுதியவர் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ராபர்ட் ஹூக். அவர் பெயரே அதற்கு வழங்குகிறது. சுருள்வில்லைப் பற்றிய ஹூக்கின் விதியை வருஷா வருஷம் பதினோராம் வகுப்பில் ஒப்பித்துவரும் நான், அவரே என் காருக்கு அடியில் படுத்திருப்பதை அறியவில்லை!

அண்ணாச்சி ஷாப்டை மறுபடி அறுத்து, ரசமட்டம் வைத்துத் திருத்தி, வெல்டிங் செய்து கொடுத்தார். ஆவலோடு பூட்டி ஓட்டினேன். உதறல் இம்மியும் குறையவில்லை.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் மிகையாகாது. மறுநாள் அவரே நிலத்துக்கு வந்து, வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தார்.

"கிரௌன் மூக்கை ஏன் இப்படி மேல தூக்கி வச்சிருக்கீங்க?"

பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் பகுதியைக் கிரௌன் என்பது வழக்கம். அதன் மூக்கு கியர்பாக்ஸை நேருக்கு நேர் நோக்கினால் சக்தி தடங்கலின்றிப் பாயும் என்று எண்ணி, வில்பட்டை உட்காரும் இருக்கைகளை நானே அப்படி வைத்து வெல்டிங் செய்திருந்தேன். அந்த ஏற்பாட்டில் எனக்கு உள்ளூரக் கர்வமும் உண்டு.

"அதுதான் தப்பு, சார்வாள். ஒண்ணையொண்ணு பாக்கக் கூடாது. தண்டவாளம் மாதிரி ரெண்டும் ஒரே போக்குல நிக்கணும். நீங்க பின் ஜாயிண்டை வளைவே இல்லாம வச்சிட்டீங்க. வளைவு இல்லாத ஜாயிண்டு எதைக் கழிக்கும்?"

எனக்குப் பொறி தட்டிற்று. முன் ஜாயிண்டில் 8 டிகிரி, பின் ஜாயிண்டில் பூஜ்யம். வரவு உண்டு, செலவு இல்லை. "அப்படியானால் இரண்டையும் பூஜ்யமாக, ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டால் என்ன?" என்றேன், கணக்கு வாத்தியார் தோரணையில். அதுவும் கூடாதாம். கிராஸின் கிண்ணங்களுக்குள் ஊசி ஊசியாக உருளைகள் இருக்கின்றன. கொஞ்சமாவது வளைவு இருந்தால்தான் அவை அசையும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நின்று குழி பறித்துவிடும்.

இருக்கைகளை அறுத்தார். கியர்பாக்ஸின் போக்குக்கு இணையாகக் கிரௌன் மூக்கைத் தாழ்த்தினார். மேடு பள்ளத்தில் அச்சு மேலும் கீழும் போகும்போது ஷாப்டு உள்ளே வெளியே நழுவ ஓர் அங்குல இடமும் விட்டார். நான் மகளைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்து ஏறப் போனாள்.

"பாப்பா, இறங்கு" என்றார் அண்ணாச்சி. அதட்டல் அல்ல, ஆனால் அவர் குரல் மாறியிருந்தது.

பிறகு என்னைத் தனியே அழைத்து, இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஷாப்டை மூடியிருந்த மெல்லிய பலகையைத் தட்டிக் காட்டினார். முன் ஜாயிண்டு அறுந்தால் ஷாப்டின் தலை தரையில் குத்தும். வண்டி முன்னே போகிற வேகத்தில், கழி ஊன்றித் தாண்டுகிறவனைப்போல் அதன் பின்பக்கம் எழும்பும். பின் ஜாயிண்டு அறுந்தாலோ, சுழலும் குழாய் மேலே இருக்கிற பலகையையும் பக்கத்தில் இருக்கிறவரையும் அடிக்கும். "உதறுற வண்டியில பிள்ளைய உக்கார வச்சா ஓட்டினீங்க?" என்று கேட்டார்.

அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த உதறல்தான் ஜாயிண்டைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. என் மகளின் முழங்கால் அந்தப் பலகையின்மேல் சாய்ந்திருந்ததும், அவள் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. சற்று நேரம் வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே கனத்த இரும்புப் பட்டையை வளையமாக்கி, முன் ஜாயிண்டுக்குச் சற்றுப் பின்னால் ஷாப்டைச் சூழ்ந்து நிற்கும்படி சட்டத்தோடு இணைத்தார். அறுந்தாலும் ஷாப்டு கீழே விழாமல் வளையம் தாங்கிக்கொள்ளும். பலகைக்குப் பதில் இரும்புத் தகடு வந்தது. அதற்குப் பிறகு, முதலில் அவரேதான் என் பக்கத்தில் ஏறினார். உள்ளங்கையைத் தகட்டின்மேல் பதித்துக்கொண்டு, "போங்க" என்றார். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் கையை எடுத்தார்.

வீட்டில் செய்த கார் நம் தேசத்துப் பொதுச் சாலையில் ஓடுவது ஏறத்தாழ நடவாத காரியம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மாதிரி வண்டியைப் புனாவில் உள்ளது போன்ற சோதனை நிலையத்தில் காட்டித் தேர்ச்சி பெற்றாக வேண்டும். உபாத்தியாயருக்கு அது கட்டுப்படி ஆகாது. முன்பெல்லாம் இதை எண்ணி நாயுடு அவர்களுக்காகவும் சேர்த்துக் கோபப்படுவேன். இப்போது என் கோபத்தில் பாதிதான் மிச்சம் இருக்கிறது.

ஆகவே எங்கள் கார் மானாவாரி நிலத்தைச் சுற்றியே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்து, இரண்டு கிராஸுக்கும் கிரீஸ் அடித்து, வளையத்தின் போல்டுகளை ஸ்பானரால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள். ரேடியேட்டர் ஒழுகுவது வேறு சங்கதி. அதற்கும் அண்ணாச்சியிடம் போக வேண்டும்.