பெயர் சொல்லாத சிநேகிதர்

அர்ச்சிஷ்ட பாட்ரிக் என்றால் உடனே பாம்பைத்தான் சொல்வார்கள். அயர்லாந்திலிருந்த பாம்புகளையெல்லாம் கடலுக்குள் விரட்டிவிட்டாராம். பனியுகம் முடிந்த நாள் முதல் அந்தத் தீவில் பாம்பே கிடையாது. இல்லாத பாம்பை விரட்டுவதில் என்ன சிரமம்? இந்தக் கதையை வைத்துக்கொண்டு நானும் வெகுகாலம் அவரை ஒதுக்கியே வைத்திருந்தேன்.

பிறகு அவரே லத்தீனில் எழுதிய இரண்டு சிறு நூல்கள் மொழிபெயர்ப்பில் கிடைத்தன. 'கன்பெஸ்ஸியோ' என்ற சுயசரிதம் ஒன்று. கொரோட்டிகஸ் என்பவனின் சிப்பாய்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று. ஐந்தாம் நூற்றாண்டு எழுத்து. இரண்டிலும் பாம்பு இல்லை.

எடுத்த எடுப்பிலேயே மனிதர் கூச்சப்படுகிறார். தமக்குப் படிப்புப் போதாது, எழுதினால் கற்றவர்கள் சிரிப்பார்கள், அதனால்தான் இத்தனை நாள் தயங்கினேன் என்கிறார். கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்துவிட்டு வந்த எனக்கு அங்கேயே அவர் உறவுக்காரராகிவிட்டார்.

படிப்புப் போனதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் கல்போர்னியஸ் என்ற டீக்கனின் மகன். பதினாறு வயது நிறையுமுன் கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். 6 வருஷம் ஆடு மேய்ப்பு. மழையிலும் பனியிலும் பிரார்த்தனை. ஒருநாள் தூக்கத்தில் ஒரு குரல் கேட்டு, சுமார் 200 மைல் கடந்து கடற்கரைக்குப் போய், கெஞ்சிக் கூத்தாடிக் கப்பலேறித் தப்பினார்.

ஊர் திரும்பிய பிள்ளையை, "இனி எங்கேயும் போகாதே" என்று கேட்டுக்கொண்டார்கள் பெற்றவர்கள். ஆனால் கனவில் ஒருவன் கட்டுக் கட்டாகக் கடிதம் கொண்டுவருகிறான். ஒன்றைப் பிரித்தால், அயர்லாந்துக்காரர்களின் குரல்! திரும்பி வந்து எங்களோடு நட என்று அழைக்கிறது. மனம் உடைந்து, மேலே வாசிக்க முடியாமல் விழித்துக்கொள்கிறார். கடிதத்தை முழுக்கப் படித்ததாக அவர் எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திராது. தம்மை அடிமையாக வைத்திருந்த ஊருக்கே போதகராகத் திரும்பினார்.

இவ்வளவும் தெரிந்த கதைதான். நான் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தது வேறோர் இடத்தில். சிறு வயதில், பதினைந்து இருக்குமோ என்னவோ, ஏதோ ஒரு தப்புச் செய்திருக்கிறார். மனசு கேட்காமல் உயிர் சிநேகிதரிடம் அதைச் சொன்னார். 30 வருஷம் கழித்து அது சபைப் பெரியவர்கள் முன் வந்தது. வெளியிட்டவர் அதே சிநேகிதர். பாட்ரிக்குக்கு மேற்றிராணியார் பதவி தரவேண்டும் என்று முன்பு பேசியவரும் அவரேதான்!

என் கதை சிறியது. பதினேழு வயதில் ஒரு பழைய பத்திரிகைக் கதையை என் பெயரில் கல்லூரி மலரில் போட்டுவிட்டேன். ஒரே ஒரு சிநேகிதனுக்குத்தான் தெரியும். இருபது வருஷத்துக்குப் பிறகு, ஒரு பரிசுக்கு என் நாவல் பரிசீலனையில் இருந்தபோது, அவன் போய்ச் சொல்லிவிட்டான். சொன்னது பொய்யல்ல, அதுதான் வலித்தது. அவனை ஒரு நாவலில் பாத்திரமாக்கி, ஊர் சிரிக்கச் செய்யவேண்டும் என்று ஆத்திரத்தோடு மூன்று அத்தியாயம் எழுதினேன்.

பாட்ரிக் அந்தச் சிநேகிதரின் பெயரை எழுதவில்லை. அவருக்காக வருந்துகிறேன் என்கிறார், அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கண்டிக்கத் தெரியாத சாதுவா என்றால், அதுவும் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற மறுநாளே, வெள்ளை உடை கலையுமுன், அவருடைய ஜனங்களைக் கொரோட்டிகஸின் ஆட்கள் வெட்டினார்கள். மிஞ்சியவர்களை அடிமைகளாக விற்றார்கள். அந்தக் கடிதத்தில் கொரோட்டிகஸின் பெயரைப் போட்டே கொதிக்கிறார். அடிமை வாழ்வு அவருக்குத் தெரியுமே!

அதைப் படித்த இரவு டிரங்குப் பெட்டியைத் திறந்து என் அத்தியாயங்களை எடுத்தேன். கிழிக்க மனம் வரவில்லை. நடை நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அவன் வலது கையால் மீசையைத் தடவும் பழக்கத்தை எழுதியிருந்தேன். ஊரில் யாரும் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அதை மட்டும் அடித்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.