ஒருக்கா பாருங்க!

தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "வாப்பா, கூட்டினது சரியா என்று நான் ஒருக்கா பார்க்கவா?" என்றாள் மகள். "இத்தனை வருடம் திருத்துகிறேன், நீயா எனக்குப் பார்ப்பது?" என்று அதட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஒரு மாணவனுக்குப் பத்துப் புள்ளிகள் குறைத்துக் கூட்டியிருந்தேன். அதற்காக அவன் வீட்டில் அடியும் வாங்கியிருந்தான்.

அந்த வெட்கம் ஆறுமுன், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பொறியியலாளர் போரிஸ் ஸ்மேட்ஸைப் பற்றி வாசித்தேன். சனிக் கிரகத்தின் சந்திரனான டைட்டனில் இறங்கவென ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம், காசினி விண்கலத்தோடு 1997இல் புறப்பட்டது. கடந்துபோகும் ரயிலின் ஊதல் மாறிக் கேட்பதுபோல, விரையும் ஹைகன்ஸின் சமிக்ஞையும் மாறும். காசினியிலுள்ள ரிசீவர் அதை விளங்கிக்கொள்ளுமா என்று சோதிக்க விரும்பினார் அவர். தேவையில்லை என்றார்கள். அவர் விடவில்லை. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலிருந்து அவ்வாறான சமிக்ஞையை அனுப்பிப் பார்த்தபோது, தகவல்கள் குழம்பிப்போயின! வானில் போய்க்கொண்டிருக்கும் ரிசீவரைத் திருத்த முடியுமா? காசினியின் பாதையையே மாற்றினார்கள். 2005 ஜனவரி 14இல் டைட்டனின் படங்கள் பூமிக்கு வந்தன.

மாணவனின் வீட்டுக்குப் போய், தவறு என்னுடையது என்று அவன் வாப்பாவிடம் சொன்னேன். இப்போது கூட்டி முடித்ததும் தாள்களை மகளிடம் நீட்டுகிறேன். சகோதரிகளே, உங்கள் பிள்ளை "ஒருக்கா பாருங்க" என்றால் வாயை அடைத்துவிடாதீர்கள்.