எல்லோரும் புதியவர்களாக இருந்த சனிக்கிழமை

2005 மார்ச் 26, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. மாலை 7 மணிக்கு பிபிசி ஒன்றில் ‘டாக்டர் ஹூ’ திரும்பி வந்தது. 1963-இல் தொடங்கி 26 சீசன்கள் ஓடி, 1989 டிசம்பரில் நின்றுபோன தொடர் அது. நடுவில் 1996-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. அத்தோடு மறுபடி பேச்சில்லை. கிடப்பில் கிடந்த அந்தக் கதையை ரஸ்ஸல் டி டேவிஸ் புதிதாக எழுத, பிபிசி வேல்ஸ் தயாரித்தது. முதல் அத்தியாயத்தின் பெயர் ‘ரோஸ்’. அந்த முக்கால் மணி நேரத்துக்காக இன்றும் ஏங்குகிறேன்.

அப்போது நான் லண்டனுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருக்கவில்லை. வேலையிடத்தில் முப்பதைத் தாண்டியவர்கள் இந்தத் தொடரைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகமே மாறிவிடும். டாலெக்குகள் என்ற வில்லன்களுக்குப் பயந்து சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்தது, அன்று டாக்டராக நடித்த டாம் பேக்கரின் முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஃப்ளர், உள்ளே நுழைந்தால் பெரிதாகிவிடும் நீல போலீஸ் பெட்டி என்று பேச்சு நீளும். நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். வந்த ஊரின் பேச்சைப் பழகலாம், குளிரைப் பழகலாம். அங்கே பிறந்தவர்களின் சிறுவயதை எங்கே போய்ப் பழகுவது?

‘ரோஸ்’ அந்தக் கதவைத் திறந்தது. பழைய கதைச் சுருக்கம் எதையும் சொல்லாமல், விண்வெளியிலிருந்து பூமியை ஒருமுறை காட்டிவிட்டு, நேராக ஒரு படுக்கையறையில் அடிக்கும் அலாரத்துக்கு வந்துவிடுகிறது கேமரா. பத்தொன்பது வயதுப் பெண் ரோஸ் எழுகிறாள், அம்மாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கிறாள், துணிக்கடையில் வேலை செய்கிறாள், மத்தியானம் காதலன் மிக்கியோடு சாப்பிடுகிறாள். ஒரு முழுநாள் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அடுக்குமாடி வீடு, பேசிக்கொண்டே இருக்கும் அம்மா, மாதச் சம்பளம். இதைப் புரிந்துகொள்ள 26 சீசன்கள் எதற்கு? வேலைக்குப் போய்வரும் யாருக்கும் அவளைத் தெரியும்.

கடை மூடும் நேரத்தில் அடித்தளத்துக்குப் போகிறாள். துணி மாட்டும் பொம்மைகள் அசைகின்றன, அவளைச் சுவரோரம் நெருக்குகின்றன. அப்போது எங்கிருந்தோ ஒரு கை வந்து அவள் கையைப் பற்றுகிறது. ஓடு என்கிறார் தொடரின் நாயகனான டாக்டர். முகத்துக்கும் முன்னால் கைதான் அறிமுகமாகிறது. நாயகியின் பெயரை முதல் அத்தியாயத்துக்கு வைத்துவிட்டு, நாயகனை அவள் பார்வை வழியாகவே உள்ளே கொண்டுவந்த எழுத்து அது. 1963-இன் முதல் அத்தியாயத்திலும் இரண்டு பள்ளி ஆசிரியர்களின் பின்னால் போய்த்தான் பார்வையாளர்கள் டாக்டரைக் கண்டார்கள் என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் சால்ஃபர்டுக்காரர். அந்த வட இங்கிலாந்துப் பேச்சை மாற்றாமலே டாக்டராக நின்றார். வேற்றுக்கிரகத்து ஆள் ஏன் வடக்கத்திக்காரர் மாதிரி பேசுகிறார் என்று ரோஸ் கேட்கும்போது, எத்தனையோ கிரகங்களில் வடக்கு உண்டு என்று சட்டென்று பதில் வருகிறது. வாயைத் திறந்தாலே எந்த ஊர் என்று கேட்கப்படுகிறவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு!

பழைய ரசிகர்களுக்கும் அதில் பங்கு இருந்தது. கிளைவ் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் டாக்டரைப் பற்றிய படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். கென்னடி கொல்லப்பட்ட நாளன்று கூட்டத்தில் நிற்கும் டாக்டரின் படம் அதில் ஒன்று. முதல் தொடர் ஒளிபரப்பானதே அந்தக் கொலைக்கு மறுநாள், 1963 நவம்பர் 23 அன்றுதான். தெரிந்தவர்களுக்கு அந்தத் தேதி நெஞ்சைத் தொட்டிருக்கும். தெரியாத எனக்கு அது கதையில் வரும் ஒரு படம் மட்டுமே. கடைசியில் பொம்மைகள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் இறங்கும் காட்சியும் அப்படித்தான். 1970-இல் ஆட்டன்கள் எனப்படும் இதே பொம்மைகள் முதன்முதலாக வந்தபோது, கண்ணாடி நொறுங்கும் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டுக் காட்சியை நகர்த்திவிட்டார்கள். 35 ஆண்டுகள் கழித்து அந்தக் கண்ணாடி கண்ணெதிரே உடைந்தது. தெரியாதவனையும் வெளியே நிறுத்தாமல், தெரிந்தவர்களையும் வெறுங்கையோடு அனுப்பாமல் எழுதுவது லேசான வித்தை அல்ல.

அன்று பார்த்தவர்கள் ஒரு கோடியே 8 லட்சம் பேர். திங்கள் ஈஸ்டர் விடுமுறை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனால் மிக்கியை விழுங்கிவிட்டு ஏப்பம் விட்ட குப்பைத் தொட்டியைப் பற்றித்தான் பேச்சு. அது குழந்தைத்தனம் என்றார் ஒருவர். அவருடைய மகள் அதற்குத்தான் அப்படிச் சிரித்தாள் என்றார் இன்னொருவர். முதல்முறையாக நானும் வாயைத் திறந்தேன். ரோஸை எனக்கும் அவர்களுக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு முன்னால் வந்தவர் யாரும் இல்லை. மறுநாளே எக்கிள்ஸ்டன் ஒரே சீசனோடு விலகுகிறார் என்ற செய்தி வந்தது. எல்லோருக்கும் வந்த அதே வருத்தம் எனக்கும் வந்தது. அதுவும் ஒரு சொந்தம்.

பிறகு தொடர் வளர்ந்தது. டாக்டர்கள் மாறினார்கள், உலகமெங்கும் ரசிகர்கள் பெருகினார்கள், எனக்கு அதில் சந்தோஷமே. ஆனால் கதைக்குள் கதை சேர்ந்து, எதைப் பார்த்தாலும் முன்கதை தெரிந்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. 2024 மே 11 அன்று புதிய சீசனின் முதல் இரண்டு அத்தியாயங்கள் நள்ளிரவிலேயே பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் வந்துவிட்டன. பிபிசி ஒன்றில் மாலைதான். சிலர் இரவோடு இரவாகப் பார்த்துவிட்டார்கள், சிலர் மாலையில், சிலர் அடுத்த வாரம். யாரோடு பேசுவதானாலும் “பார்த்துட்டீங்களா?” என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊரே ஒரே மணிக்கு உட்கார்ந்த அந்தச் சனிக்கிழமை மாலை இனி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேண்டியவர்கள் ‘ரோஸை’ இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். எனக்குக் கிடைக்காதது, அடுத்து என்ன என்று ஒரு கோடிப் பேருக்கும் தெரியாமல் இருந்த அந்த நேரம். அந்த ஒரு மாலைக்கு அங்கே பிறந்தவரும் இல்லை, வந்தவரும் இல்லை. ஒரு நாட்டுக்குள் என்னைச் சேர்த்துக்கொண்டது எது என்று யாராவது கேட்டால், விசாவையும் வேலையையும் சொல்வதற்கு முன்னால் நான் அந்த மாலையைத்தான் சொல்வேன்.