தரப்புள்ளியின் பூர்வீகம்

கல்லூரி மதிப்பெண் பட்டியலின் அடியில் 7.81 என்றோ 8.25 என்றோ அச்சாகும் எண், மாணவர் பெற்ற மதிப்பெண்களின் சராசரி அன்று. மதிப்பெண்ணை முதலில் ஓர் எழுத்தாக மாற்றி, அந்த எழுத்துக்கு மீண்டும் ஓர் எண்ணைக் கொடுத்து, அதனைப் பாடத்தின் எடையால் பெருக்கிக் கூட்டி வகுத்த பிறகு கிடைப்பது. இத்தனை சுற்றுவழி ஏன் ஏற்பட்டது என்று பின்னோக்கித் தேடினால் ஒரே ஊற்றுக்கண் அகப்படுவதில்லை. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றிய ஏற்பாடுகள் பிற்காலத்தில் ஒரே கணக்காகப் பிணைக்கப்பட்டன என்பதே தெரியவருகிறது.

தேடலில் முதலில் எதிர்ப்படுவது அமெரிக்காவின் யேல் கல்லூரி. அதன் தலைவராக இருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ், 1785-இல் இறுதியாண்டு மாணவர் 58 பேரைத் தேர்வுக்கு உட்படுத்திய செய்தியைத் தம் நாட்குறிப்பில் எழுதும்போது, 20 பேரை மிகச் சிறந்தோர் என்றும், 16 பேரை அவ்வகையில் இரண்டாம் நிலையினர் என்றும், 12 பேரைத் தாழ்ந்தோர் என்றும், 10 பேரை அவர்களினும் மோசமானோர் என்றும் லத்தீன் பெயர்களால் பிரித்திருக்கிறார். 1813 முதல் அக்கல்லூரியில் சராசரிப் பதிவேடு ஒன்று பேணப்பட்டு, மாணவர் நிலை 4-ஐ உச்சமாகக் கொண்ட அளவில் குறிக்கப்பட்டது. இவ்விரு செய்திகளையும் கோத்து, இன்றைய அமெரிக்கக் கல்லூரிகளின் 4.0 யேலிலிருந்து நேராக இறங்கி வந்தது என்று எழுதுவோர் பலர். ஆனால் ஸ்டைல்ஸ் வகுத்தது நான்கு கூட்டம்; அதில் சுழியம் இல்லை. இன்றைய 4.0 கணக்கிலோ ஏ, பி, சி, டி, எஃப் என ஐந்து எழுத்துகள் உள்ளன. தோல்வியைக் குறிக்கும் எஃப் சுழியமாக நிற்பதால், அதற்கு மேல் நான்கு படிகள் அமைகின்றன. எண் ஒன்றாக இருப்பதனாலேயே வமிசமும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே எழுத்துகள் வந்த வழியைப் பார்க்க வேண்டியதாகிறது. 1883-இல் ஹார்வர்டு மாணவர் ஒருவர் 'பி' பெற்றதாகக் குறிப்பு உண்டு. முழுமையான எழுத்து வரிசை மாசசூசெட்ஸில் உள்ள மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் 1897-இல் காணப்படுகிறது: 95 முதல் ஏ, 85 முதல் 94 வரை பி, 76 முதல் 84 வரை சி, சரியாக 75 பெற்றால் மட்டும் டி, அதற்குக் கீழே இருப்பது ஈ, அதாவது தோல்வி. மறு ஆண்டே கோடுகள் நகர்த்தப்பட்டு, 75 முதல் 79 வரை ஈ தேர்ச்சியாகி, தோல்விக்கு எஃப் வந்து சேர்ந்தது. 1897-இல் 89 பெற்று பி வாங்கிய மாணவி, 1898-இல் அதே 89-க்கு சி வாங்கியிருப்பார். எழுத்துக்குள் இயல்பான அளவு எதுவும் பொதிந்திருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எழுத்துகளுக்கு ஆதரவு பெருகியதற்குக் காரணமும் இருந்தது. 1913-ஐ ஒட்டி ஸ்டார்ச், எலியட் என்னும் ஆய்வாளர்கள் ஒரே வடிவகணித விடைத்தாளைப் பல ஆசிரியர்களிடம் தந்து திருத்தச் செய்தபோது, மதிப்பெண்கள் 28-இலிருந்து 90-க்கும் மேல் வரை சிதறின. நூற்றில் ஒரு மதிப்பெண் வேறுபாட்டுக்குப் பொருள் உண்டா என்ற ஐயம் அதனால் வலுத்தது.

கணக்கின் இன்னோர் உறுப்பான கிரெடிட், அதாவது பாடத்தின் எடை, கற்றலின் தரத்தை அளக்கப் பிறந்ததே அன்று. அனைவரும் ஒரே பாடங்களைப் படித்த காலத்தில் மொத்த மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது. 1869-இல் ஹார்வர்டு தலைவரான சார்லஸ் எலியட் விருப்பப் பாட முறையைப் பரப்பிய பின், ஆளுக்கொரு பாடத் தொகுதி படிப்போரை ஒப்பிட ஒரு பொது அலகு தேவைப்பட்டது. அந்த அலகை நாடெங்கும் நிலைநிறுத்தியது, விந்தையாக, ஓய்வூதியம். 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்கென ஒரு கோடி டாலர் அளித்தார். அப்பணம் எந்தக் கல்லூரிக்குத் தகும் என்று தீர்மானிக்க, அவர் நிறுவிய அறக்கட்டளை மாணவர் சேர்க்கைக்கு வகுப்பு நேர அலகுகளை நிபந்தனையாக்கியது. 1910-இல் அதே அறக்கட்டளைக்காக அறிக்கை எழுதிய பொறியாளர் மோரிஸ் குக், தொழிற்சாலைத் திறனை அளப்பதைப் போலக் கல்லூரியையும் அளக்க 'மாணவர்-மணி' என்னும் அலகை முன்வைத்தார். கற்றது எவ்வளவு என்பது அவர் கேள்வியாக இல்லை. வகுப்பில் கழிந்த நேரமும் அதற்கான செலவுமே கேள்வியாக இருந்தன.

இந்திய வடிவம் இவற்றின் வாரிசு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6 எனப் புள்ளிகள் இறங்குகின்றன. ஒரு செமஸ்டரில் ஒருவர் 4 கிரெடிட் பாடத்தில் ஏ, இன்னொரு 4 கிரெடிட் பாடத்தில் பி பிளஸ், 3 கிரெடிட் பாடங்கள் இரண்டில் ஏ பிளஸும் பியும், 2 கிரெடிட் ஆய்வகத்தில் ஓ பெற்றால், 32, 28, 27, 18, 20 எனப் பெருக்குத்தொகைகள் கூடி 125 ஆகும். அதை 16 கிரெடிட்டால் வகுக்க 7.81. ஐந்து புள்ளிகளையும் வெறுமனே சராசரி பார்த்தால் 8.00 வரும், ஆய்வகத்தின் பத்துப் புள்ளிக்கு எடை குறைவு என்பதே வேறுபாட்டின் காரணம். செமஸ்டர்களைச் சேர்க்கும்போதும் இதே விதிதான்: 24 கிரெடிட்டில் 7.00, 16 கிரெடிட்டில் 8.00 என்றால் ஒட்டுமொத்தச் சராசரியான சி.ஜி.பி.ஏ. 7.40 ஆகுமே தவிர, மாணவர் பலர் போடும் மனக்கணக்கில் வருகிற 7.50 ஆகாது.

நுண்மையற்ற மதிப்பெண்ணை நம்ப முடியாதென்று எழுத்துக்குப் போனவர்களே, 91-ஐயும் 100-ஐயும் ஒரே ஓ-வில் அடைத்துவிட்டு, முடிவில் இரண்டு தசம இடம் வரை கணக்கிடுவது இம்முறையின் பெரிய முரண். ஓ 91-இல் தொடங்கும் பல்கலைக்கழகங்களில் 90-க்கும் 91-க்கும் இடையே ஒரு முழுப் புள்ளி விழுகிறது. 91-க்கும் 100-க்கும் இடையே எதுவும் விழுவதில்லை. போதாக்குறைக்கு, வேலைக்கான விண்ணப்பப் படிவங்கள் மறுபடியும் சதவீதத்தையே கேட்கின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பள்ளித் தரப்புள்ளிக்குச் சொன்ன பெருக்கெண் 9.5, பத்தால் பெருக்கச் சொல்வோரும் உண்டு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் இணை அட்டவணையில் 6.25 என்பது 55 சதவீதம், 8.25 என்பது 75 சதவீதம். ஆக, 8.25 பெற்ற ஒரு மாணவர், படிவத்தை வாங்குபவர் எந்த வழியை ஏற்கிறார் என்பதற்கேற்ப 75 ஆகவோ 78.4 ஆகவோ 82.5 ஆகவோ நிற்கிறார்.