புடவைக் கணக்கும் வண்டிக் கணக்கும்

கார்ப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு டர்போவில் தொடங்குகிறது, டயரில் கொஞ்ச நேரம் நிற்கிறது, கடைசியில் பெண்டாட்டியின் புடவையில் வந்து முடிகிறது. "அலாய் வீலுக்குன்னு எடுத்து வெச்ச காசு மச்சி, ஆடித் தள்ளுபடியில போயிடுச்சு." "வண்டிக்கு மைலேஜ் பரவாயில்ல, வீட்லதான் மெயின்டனன்ஸ் தாங்கல." சென்னைப் புறநகரில் எங்கள் அண்ணனூர் வாட்டர் வாஷ் கடையிலும் இதைக் கேட்கிறேன், சி.டி.எச். ரோட்டு டீக்கடையிலும் கேட்கிறேன். எனக்கும் வண்டி என்றால் உயிர். சத்தத்தை வைத்தே எந்த எஞ்சின் என்று சொல்லிவிடுகிறவர்களோடு நின்று பேசுவது பிடிக்கும். அப்படிப்பட்டவர்கள் வாயில் இந்தப் பேச்சு வரக் கூடாது என்பதற்காகவே இந்தக் குறிப்புகள்.

*

வண்டிக்கு நாம் வாங்குவதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அலாய் வீல். சீட் கவர். ஸ்டியரிங் கவர். டோர் வைசர். ஃபாக் லேம்ப். தரைக்கு மேட், அதற்கு மேல் இன்னொரு மேட். ஆண்ட்ராய்டு செட். டிக்கியில் சப்வூஃபர். செராமிக் கோட்டிங். கொஞ்சம் வசதி இருந்தால் வண்டி முழுக்க பெயின்ட்டைக் காக்கும் பிபிஎஃப் ஃபிலிம். எக்ஸாஸ்ட் சத்தம் மாற வேண்டும் என்றால் அதற்குத் தனிச் செலவு. ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போய் இவற்றைத் தேடி வாங்கி வருகிறோம்.

இதில் வண்டி ஓடுவதற்குத் தேவையானது எத்தனை? ஏறக்குறைய எல்லாமே அழகுக்கு. வண்டிக்கு உடுத்திப் பார்க்கும் ஆசை. அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதே ஆசையை இன்னொருவர் தன் உடம்புக்கு வைத்துக்கொண்டால் மட்டும் சிரிப்பு ஏன் வருகிறது?

*

இந்த அழகில் சில சட்டத்தோடு மோதியவை. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. முன்பக்கம் மாட்டும் இரும்புக் கம்பி, நாம் புல் பார் என்கிறோமே, அதை அகற்றச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் உத்தரவிட்டது. நடந்து போகிறவர் மேல் மோதினால் அது உயிருக்கே ஆபத்து. மோதலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய பம்பரையும் ஏர் பேக்கையும் சரியாக வேலை செய்யவிடாது. காசு கொடுத்து மாட்டி, அபராதம் கட்டி, பிறகு கூலி கொடுத்துக் கழற்றியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். புடவைக் கடைக்குப் போய் வந்த எந்தப் பெண்ணும் அதற்காக அபராதம் கட்டியதில்லை.

*

அரசின் கணக்கையும் எடுத்து வைத்துப் பார்க்கலாம். 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் ஒருவருக்கு ஆகும் மாதச் செலவு சராசரியாக 6,459 ரூபாய். அதில் போக்குவரத்துக்கு 8.59 விழுக்காடு. துணி, படுக்கை, செருப்பு மூன்றையும் கூட்டினால்கூட அதைவிடக் குறைவு. இந்தத் துணிக் கணக்கில் ஆண்களின் சட்டையும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் சேர்த்தி. போக்குவரத்தில் பஸ், ரயில் டிக்கெட்டும் சேர்த்திதான். இரண்டையும் நேர்மையாக வைத்துப் பார்த்தாலும் வீட்டுப் பணம் புடவையில்தான் கரைகிறது என்ற பேச்சு நிற்காது.

வரியும் அதையே சொல்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த உடைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. வண்டி உதிரி பாகங்களுக்கு 18. சின்ன காருக்கு 18, பெரிய காருக்கு 40. இதில் எது அத்தியாவசியம், எது ஆடம்பரம் என்பதை வரிச் சட்டம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது.

*

தீபாவளிச் சீட்டு. எங்கள் தெருவில் பெண்கள் வாரா வாரம் நூறும் இருநூறுமாகக் கட்டுவார்கள். ஐப்பசியில் அந்தப் பணம் கைக்கு வரும். பிள்ளைகளுக்கு, மாமியாருக்கு, நாத்தனாருக்கு, வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு என்று எடுத்தது போக மிச்சத்தில்தான் தனக்கொரு புடவை. தவணைக்குத் துணி கொண்டுவரும் வியாபாரியிடம் எடுத்தால் மாதக் கணக்கை நோட்டில் குறித்து வைத்து அடைப்பார்கள். இப்படிச் சேர்த்து, இப்படிக் கணக்கு வைத்து வாங்கிய ஒன்றைத்தான் நாம் ஊதாரித்தனம் என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

எல்லைமீறி வாங்குகிற பெண்கள் இல்லையா? இருக்கிறார்கள். கடன் வாங்கிப் பட்டெடுத்து, வட்டியில் மாட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அது உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினை. அதே அளவுகோலை வண்டிக் கடனுக்கும் வைக்க வேண்டும்.

*

காரின் மதிப்பு எப்படித் தேய்கிறது என்பதற்கு இன்சூரன்ஸ் பாலிசியே அட்டவணை தருகிறது. ஓராண்டு முடிவதற்குள் 15 விழுக்காடு கழிவு. இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நாலாம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. பத்து லட்சத்து வண்டிக்கு ஐந்தாம் ஆண்டில் இன்சூரன்ஸ் கணக்கில் ஐந்து லட்சம்தான். மேலே மாட்டிய சீட் கவருக்கும் செட்டுக்கும் விற்கும்போது ஒருவரும் பெரிதாகக் கூட்டித் தர மாட்டார்கள்.

பட்டுப்புடவையும் வாங்கிய விலைக்குத் திரும்பப் போகாது. ஆனால் அசல் சரிகை வெள்ளி இழையில் ஆனது. அதனால்தான் பழைய பட்டுப்புடவையை எடை பார்த்து வாங்க இன்றும் ஆள் இருக்கிறது. அம்மாவின் கல்யாணப் புடவையை மகள் தன் வளைகாப்புக்கு உடுத்திக்கொண்ட வீடுகள் எத்தனையோ. அப்பாவின் முதல் காரை மகன் இன்னும் ஓட்டும் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

*

நம் ஊர் அமைந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அண்ணனூருக்கு அடுத்த ஸ்டேஷன் ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது அங்கிருந்துதான். அதே ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையும் இருக்கிறது. இரண்டும் 1960களின் தொடக்கத்தில் வந்தவை. 2021-ல் படைக்கலத் தொழிற்சாலைகளைப் பிரித்தபோது டாங்கிக்கு ஒரு நிறுவனம், உடுப்புக்கு ஒரு நிறுவனம் என்று வேறு வேறு நிர்வாகத்தின்கீழ் போயின. ஆனால் டாங்கிக்குள் உட்காருகிறவருக்குச் சீருடையும் வேண்டும். இரும்பு பெரிது, துணி சின்னது என்று ஆவடியில் பிறந்து வளர்ந்தவர் சொல்லக் கூடாது.

*

எதிர்த் திசையில் போனாலும் அதே கதை. திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம். காலை ரயிலில் பட்டரவாக்கத்தில் இறங்கும் கூட்டத்தில் ஒரு பாதி லேத் பட்டறைக்கும் வண்டி உதிரி பாகக் கம்பெனிக்கும் போகிறது. இன்னொரு பாதி உடை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு. அதில் பெரும்பாலும் பெண்கள். டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று பெயர்கள் நமக்கு மனப்பாடம். உலகத்தின் கடைகளில் தொங்கும் சட்டையைத் தைத்த பெண் நம் ரயிலில் நம் பக்கத்தில் நிற்கிறார். அவர் பார்க்கும் வேலையின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. உடை என்பது வெறும் செலவு என்று இந்த ஊரில் சொல்வது, பக்கத்தில் நிற்பவரின் சோற்றைப் பார்த்துச் சிரிப்பது.

அந்தப் பெண் சம்பளத்தில் ஒரு புடவை எடுத்தால் அது அவர் உழைத்த காசு. பல வீடுகளில் கார் தவணையில் ஒரு பங்கும் அவர் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

*

நம்மூர்ச் சாலையில் அதிகம் ஓடும் கார் சுசூகி. அந்தக் கம்பெனி 1909-ல் ஜப்பானின் ஹமமட்சுவில் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. மிச்சியோ சுசூகி தன் முதல் தறியைச் செய்தது அம்மாவுக்காக என்று சொல்வார்கள். டொயோட்டாவின் வேரும் தறிதான். சகிச்சி டொயோடா 1926-ல் தானியங்கித் தறிக் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனிக்குள் 1933-ல் பிறந்த பிரிவுதான் பின்னாளில் கார்க் கம்பெனி ஆனது. தறி செய்து பழகிய கைகள் கார் செய்தன.

இன்றைய காரிலும் தையல் இருக்கிறது. சீட் தைத்தது. சீட் பெல்ட் நெய்தது. ஏர் பேக் என்பதும் துணிப் பைதான். விபத்தில் நம்மைத் தாங்கப்போவது அதன் நெசவும் தையலும்.

*

வருடா வருடம் புது மாடல், புது நிறம், புது கிரில் என்று கார்க் கம்பெனிகள் எங்கே கற்றுக்கொண்டன? ஃபோர்டின் மாடல் டி பல ஆண்டுகள் கறுப்பு ஒன்றிலேயே வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை வென்றது நிறத்தாலும் வடிவத்தாலும். 1927-ல் ஹார்லி எர்ல் என்பவரை அழைத்துவந்து கலைக்கும் வண்ணத்துக்கும் தனிப் பிரிவு தொடங்கினார்கள். பாரிஸில் உடை வடிவமைப்பவர்களின் விதிகள் கார்த் தொழிலுக்கும் வந்துவிட்டன என்ற பொருளில் அதன் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். ஃபேஸ்லிஃப்ட் வந்ததும் பழைய வண்டி கண்ணுக்குப் பிடிக்காமல் போகிறதே, அந்த மனநிலை துணிக் கடையிலிருந்து வந்தது. ஃபேஷனை எள்ளுகிற கார்ப் பிரியர் தன் பொழுதுபோக்கின் வரலாற்றையே எள்ளுகிறார்.

*

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியின் மான்ஹெய்மிலிருந்து ஃபோர்ஸ்ஹெய்முக்குக் கணவரிடம் சொல்லாமல் அவர் உருவாக்கிய காரை எடுத்துக்கொண்டு போனார். கூட இரண்டு மகன்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பி உரசியபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தித் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்பதன் தொடக்கம் அங்கே என்கிறார்கள். ஒரு பெண்ணின் உடுப்பும் அலங்காரப் பொருளும் இல்லாமல் அந்த வண்டி ஊர் போய்ச் சேர்ந்திருக்காது. கார்ப் பிரியர் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

*

தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். பெண்கள் அதை என்ன செய்வார்கள் என்று அப்போதும் புடவை, பியூட்டி பார்லர் என்று கேலி கிளம்பியது. அந்தத் திட்டத்தின் விதியில் ஒரு வரி: சொந்த உபயோகத்துக்கு கார் வைத்திருக்கும் குடும்பம் விண்ணப்பிக்க முடியாது. கணவர் ஆசைக்குப் பழைய மாருதி ஒன்றைத் தன் பெயரில் வாங்கினால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் இல்லை. விதி சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் வண்டியால் பெண்ணின் கைக்காசு போன வீடுகள் நிஜமாகவே இருக்கின்றன. புடவையால் வண்டி போனது என்பது பேச்சில் மட்டும்தான்.

*

"சும்மா ஜோக்குதானே, இதுக்குப் போய்..." என்கிறார்கள்.

அந்த ஜோக் ஒரு வேலை செய்கிறது. "இந்த மாசம் டயருக்கு எவ்வளவு ஆச்சு?" என்று மனைவி கேட்டால், "நீ எடுத்த புடவைக்கு நான் கணக்குக் கேட்டனா?" என்று வாயை அடைக்கிறது. அதைப் பார்த்து வளரும் பையன் வீட்டுக் கணக்கைக் கேட்கும் உரிமை ஆணுக்கு மட்டும் என்று பழகுகிறான். மகள் தான் ஆசைப்பட்டதை வாங்கும்போதெல்லாம் விளக்கம் சொல்லப் பழகுகிறாள்.

இன்னொரு இழப்பு, நம் கூட்டத்துக்கே. வண்டி பிடித்த பெண்கள் இங்கே நிறைய உண்டு. 1993-ல் வசந்தகுமாரி தமிழ்நாட்டின் அரசுப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டியவர். கியர் மாற்றுவதைப் பற்றி ஆர்வமாகப் பேச வந்த ஒரு பெண், இரண்டாவது புடவை ஜோக்கில் எழுந்து போய்விடுவார். அவரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டிருக்கக்கூடியது அவரோடு போய்விடும்.

*

ஆயுத பூஜையன்று எங்கள் தெருவில் ஒவ்வொரு வண்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. டயருக்கடியில் எலுமிச்சை. அலங்கரிப்பது ஆண்கள், கோலம் போட்டு, பூ கட்டித் தருவது பெண்கள். புதுப்புடவையும் புதுச்சட்டையுமாக எல்லோரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அழகு பார்க்கும் மனசு இருவருக்கும் ஒன்றுதான் என்பதை அந்த நாளில் யாரும் மறுப்பதில்லை.

*

நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் ஒரே நோட்டுப் போடுங்கள். ஒரு பக்கம் வண்டி: தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், மாட்டிய சாமான். எதிர்ப்பக்கம் துணிமணி: புடவை மட்டும் இல்லாமல் உங்கள் ஜீன்ஸும் ஷூவும் சேர்த்து. இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள், மாதக் கடைசியில் இருவரும் கூட்டுங்கள். எது கூடுதல் என்று தெரிந்த பிறகும் அலாய் வீல் வேண்டும் என்றால், இருவரும் பேசி முடிவெடுத்து வாங்குங்கள். அவருக்கு மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டு வேண்டும் என்றால் அதையும் அப்படியே வாங்குங்கள். கூட்டத்தில் யாராவது புடவைப் பேச்சை எடுத்தால் சிரிக்காமல், "உன் வண்டிப் பக்கம் எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் அந்த ஜோக்கை மறுபடி சொல்ல மாட்டார்.