செருப்பணியாத மலையூர்

கோடைக்கானலுக்குச் செல்வோர் ஏரியையும் தூண்பாறையையும் கண்டு திரும்பிவிடுவதே வழக்கம். அந்நகருக்கு மூத்ததொரு சிற்றூர் அதன் கீழே மலைச்சரிவில் இருப்பதைப் பலர் அறியார். அதுவே வெள்ளகவி. 1821-ஆம் ஆண்டு நில அளவைக்கு வந்த வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி, குன்னுவர் வாழும் இவ்வூரில் தங்கியே மேலேறி, கோடைக்கானல் மேட்டை ஆராய்ந்தார். அமெரிக்க வேதபோதகர்கள் அம்மேட்டில் குடியேறியது 1845-இல்தான்!

சலேத் அன்னை ஆலயத்தில் காலைத் திருப்பலி கண்டபின், நானும் நண்பர் இருவரும் வட்டக்கானல் வழியாகப் புறப்பட்டோம். டால்பின் நோஸ் பாறையைத் தாண்டியதும் உல்லாசப் பயணிகளின் ஆரவாரம் அடங்கிற்று. அப்பால் ஒற்றையடிப் பாதை, மரவேர்களே படிகள். ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை முழங்கால்கள் அன்று உணர்த்தின. மூட்டை சுமந்து குதிரைகள் எதிரே வந்தால் நாம்தாம் ஒதுங்கி நிற்க வேண்டும். உழைப்பவருக்கு உலாவ வந்தவர் வழிவிடுவது நியாயந்தானே?

ஊரெல்லையில் செருப்பைக் கழற்றினோம். ஊர் முழுவதையும் கோயிலாகவே கருதுவதால் இங்கு எவரும் காலணி அணிவதில்லை. எரியும் முட்செடியருகே மிதியடிகளைக் களைந்த மோயீசன் என் நினைவுக்கு வந்தார். பக்தி இருந்ததோ இல்லையோ, பரற்கற்கள் என் உள்ளங்காலைப் பதம் பார்த்தன. சிறுவர்களோ சிரித்துக்கொண்டே ஓடினர்.

திண்ணையில் அமரச் செய்து ஒரு மூதாட்டி கடுங்காப்பி தந்தார். தம் தோட்டத்துக் கொட்டையாம். நாங்கள் சென்ற அந்நாளில் அவ்வூருக்கு மோட்டார்ச் சாலை இல்லை. அவருடைய மருமகளுக்குப் பேறுகால வலி கண்ட இரவில், கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, நால்வர் தோள் மாற்றித் தூக்கிச் சென்றனராம். நாங்கள் வியந்து வந்த அதே வேர்ப்படிகளில், தீப்பந்த வெளிச்சத்தில்! தாயும் சேயும் பிழைத்தனர். "எல்லாருக்கும் அப்படி வாய்க்கலை" என்றார். யாரைப் பற்றி என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இவ்வழகெல்லாம் கெடாதிருக்க வேண்டும் என்று நண்பர் ஏதோ சொல்லத் தொடங்கினார். மூதாட்டி புன்னகைத்தார்.

"ரோடு வந்துட்டா நீங்க வரமாட்டீங்களா, தம்பி?"

நண்பர் காப்பிக் குவளையைக் குனிந்து பார்த்தார். நானும் விடை சொல்லவில்லை.

வெயில் ஏறுமுன் கிளம்பினோம். வழிதவறிவிடுவோமோ என்று தம் பேரனை உடன் அனுப்பினார். எல்லையில் நாங்கள் செருப்பை மாட்டிக்கொள்ளும்வரை நின்றிருந்துவிட்டு, அவன் வெறுங்காலுடன் முன்னே ஏறினான். டோலி போன இரவில் பிறந்த பிள்ளை அவன்தானாம்.