நூல் சுற்றிய பாபினைக் கடையில் வாங்கலாமா?



சோளக்காட்டுப் பக்கம் தையல் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: “டீச்சர், நூல் சுற்றியே பாபின் விற்கிறார்களே, வாங்கலாமா? வீட்டில், பாபின் சுற்றக்கூடச் சோம்பலா என்று கேட்கிறார்கள்.” மகளிர் குழுக் கடனில் எம்பிராய்டரி மிஷின் எடுத்திருக்கிறாள். தை மாத முகூர்த்தத்துக்குள் கொடுக்க வேண்டிய பிளவுஸ்கள் வரிசையில் நிற்கின்றன. கடன் தவணை அந்தப் பிளவுஸ்களில்தான் இருக்கிறது. அவளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். உங்களில் அரசு கொடுத்த இலவசத் தையல் மிஷின் வைத்திருப்பவர்களும், லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களும் இருக்கிறீர்கள். உதவும்.

தையல் தெரியாத உறவுகளுக்காக ஒரு வரி. மிஷின் தையலுக்கு இரண்டு நூல். மேல் நூல் ஊசியோடு கீழே போய், பாபின் கேஸைச் சுற்றி வந்து, அடி நூலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். இரண்டும் துணியின் நடுவில் கோத்துக்கொண்டால் நல்ல தையல். அந்த அடி நூல் சுற்றியிருக்கும் சின்னச் சக்கரம்தான் பாபின்.

முதலில் எம்பிராய்டரி. இதற்கு வாங்கலாம், தயங்காதே என்றுதான் எழுதினேன். எம்பிராய்டரியில் மேலே 40 நம்பர் நூல் ஓடும். அடியில் அதைவிட மெல்லிய 60 நம்பர் நூல் போதும். நம்பர் கூடினால் நூல் மெலியும், மறந்துவிடாதீர்கள். அடி நூல் மெல்லியதாக இருந்தால் மேல் நூல் லேசாகக் கீழே இழுபட்டு, பூவின் ஓரம் சுத்தமாக விழும். சாட்டின் தையலைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை நூலும், இரண்டு பக்கமும் மேல் நூலின் நிறமும் தெரிந்தால் இழுவை சரி. வெள்ளை நூல் மேல் பக்கம் எட்டிப் பார்த்தால் மேல் நூல் அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது அடி நூல் தளர்ந்திருக்கிறது.

தொழிற்சாலையில் சுற்றிய பாபினின் நன்மை, நூல் முதலிலிருந்து கடைசி வரை ஒரே இறுக்கத்தில் இருப்பது. நாம் அவசரத்தில் சுற்றும்போது ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக விழும். பாலியஸ்டர் நூலை வேகமாகச் சுற்றினால் அது இழுபட்டுப் போய் உட்காரும். தைத்து முடித்த பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பும்போது துணி சுருங்கி நிற்கும். பிளவுஸைத் துவைத்ததும் தையல் சுருங்குகிறது என்று கஸ்டமர் திருப்பிக் கொண்டுவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இவை பெரும்பாலும் வெள்ளையிலும் கறுப்பிலும்தான் கிடைக்கும். லைனிங் கொடுத்த பிளவுஸுக்கு அது போதும். கைக்குட்டை, துப்பட்டா போல இரண்டு பக்கமும் தெரிகிற வேலைக்கு, அந்தந்த நிற நூலை நாமே சுற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து ஒட்டுத் துணிப் போர்வை. நம் மலையில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை பத்தாது என்பது உங்களுக்குத் தெரியும். பணி ஓய்வுக்குப் பிறகு பழைய பருத்திச் சேலைகளை வெட்டி நானும் தைக்கிறேன். இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்கு டீச்சரை விடுவீர்களா?

6 அங்குலச் சதுரங்களை வெட்டுகிறோம். கால் அங்குலம் தையலுக்குப் போக, தைத்த பின் ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலம். குறுக்கே 11, நெடுக்கே 15, மொத்தம் 165 சதுரம். ஒரு வரிசையில் 10 இணைப்பு, 15 வரிசைக்கு 150 இணைப்பு, ஒவ்வொன்றும் 6 அங்குலம் என்றால் 900 அங்குலம். வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்க 14 நீளத் தையல், ஒவ்வொன்றும் 61 அங்குலம், ஆக 854. இரண்டும் சேர்த்து 1754 அங்குலம், அதாவது ஏறக்குறைய 45 மீட்டர். நூல் துணிக்குள் ஏறி இறங்குவதால் தையல் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய நூல் சுற்றிய ரெடிமேட் பாபினில் 100 மீட்டருக்கு மேல் இருக்கும். போர்வையின் மேல் பாகம் முழுவதும் ஒரே பாபினில் முடிந்துவிடும், நடுவில் ஒரு தடவைகூட எழுந்திருக்க வேண்டாம். விரல் மூட்டு வீங்கிய என்னைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

மெல்லிய நூலுக்கு இன்னொரு லாபமும் உண்டு. மடிப்பில் இடம் அடைக்காது, சதுரங்களின் மூலைகள் சரியாகச் சேரும். ஒரே எச்சரிக்கை: இந்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்திக்கு வைக்கிற முழுச் சூட்டில் அயர்ன் பாக்ஸை அதன் மேல் நிறுத்தி வைக்காதீர்கள்.

இனி வாங்கும் முன் கவனிக்க வேண்டியது. கடையில் எல் என்றும், 15 என்றும் இரண்டு வகை கேட்பார்கள். இரண்டும் அகலத்தில் ஒன்றுபோல, சுமார் 20 மில்லிமீட்டர். உயரத்தில்தான் வித்தியாசம். எல் வகை சுமார் 9 மில்லிமீட்டர், 15 வகை 11, 12 மில்லிமீட்டர். நம் வீடுகளில் இருக்கும் கறுப்புக் கால்மிஷினுக்குப் பெரும்பாலும் 15 வகைதான். எல் வகையைப் போட்டால் உள்ளே ஆடும், தையல் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளரும். அதனால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கடைக்குப் போகும்போது, உங்கள் பழைய பாபினையும் கேஸையும் பர்ஸில் எடுத்துப் போங்கள். போட்டுப் பார்த்து வாங்குங்கள். மறுபடி ஏறி இறங்க முடியாது.

அட்டைப் பக்கம் வைத்த பாபினும் உண்டு, பிளாஸ்டிக் பக்கம் வைத்ததும் உண்டு. நம் மலை ஈரத்துக்கு அட்டை நமுத்து வளையும். மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

தனியாக ஒரு பாபின் கேஸ் வாங்கி, ரெடிமேட் பாபினுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கேஸில் இருக்கும் சின்னத் திருகாணியை ஒவ்வொரு தடவையும் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். சோதிப்பது சுலபம். நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகக் கீழே ஓடக் கூடாது. கையை லேசாக வெட்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும்.

கடைசியாக அந்தச் சோம்பல் பேச்சு. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் பழைய துணிகளில் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். முழுக்கக் கைத்தையல். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அவர்களைக் கேட்டால் மிஷினே சோம்பல் என்று சொல்லலாம்! வீட்டு வேலை, காப்பித் தோட்ட வேலை எல்லாம் முடித்து ராத்திரி எட்டு மணிக்கு மிஷினில் உட்காரும் பெண்ணுக்கு, பாபின் சுற்றும் பத்து நிமிஷம் பத்து நிமிஷம்தான். அந்த நேரத்தில் அவள் ஒரு கை ஓரம் முடிப்பாள், இல்லை சீக்கிரம் படுப்பாள். இரண்டும் நல்லதுதான்.

ஆனால் புதிதாகத் தையல் பழகும் பிள்ளைகளுக்கு முதலில் பாபின் சுற்றவே சொல்லிக்கொடுங்கள். பழைய நூலின் மேல் புது நூல் சுற்றக் கூடாது, விளிம்பு வரை நிரப்பக் கூடாது, நிதானமாகச் சுற்ற வேண்டும். நிறம் கிடைக்காத நாளில் அந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும்.

முதலில் இரண்டே இரண்டு வாங்கி, வேண்டாத துணியில் தைத்துப் பாருங்கள். எந்த மிஷினுக்கு எது பொருந்தியது என்று கீழே எழுதுங்கள் பிள்ளைகளே. மற்றவர்களுக்கும் உதவும். என் கணக்கில் தப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்